ஆறு லட்சத்து நாற்பதாயிரம் பாயிண்ட் குளியலறை

டெஸ் பெட்டிஃபர் தன் வாழ்நாளில் வட்டி என்று ஒரு சதம்கூட யாருக்கும் கட்டியதில்லை. பெண்டிகோ நகரத்தில் இது ஊரறிந்த செய்தி. ஊருக்கு அறிவித்தவர் டெஸ்தான். யார் வீட்டுக் கொல்லையில் இறைச்சி வாட்டினாலும், ஒரு கையில் பீர், மறு கையில் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ், வதங்கிய வெங்காயம் சட்டையில் சொட்டச் சொட்ட, அந்தச் சொற்பொழிவைத் தொடங்கிவிடுவார்.

"ரொக்கம் குடுத்து வாங்குறவன் முட்டாள். கார்டுல வாங்கிட்டு வட்டி கட்டுறவன் அடிமுட்டாள். கார்டுல வாங்கி, வட்டி கட்டாம, பாயிண்ட்டை மட்டும் அள்ளிக்கிட்டுப் போறான் பாரு, அவன்தான் மனுஷன்."

அந்த மனுஷன் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இன்னும் அரைமணி நேரம் ஆகும்.

நகராட்சி வீட்டுவரிப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, பாக்கி வைத்தவர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் இறுதி அறிவிப்பு அனுப்பி ஓய்வு பெற்றவர் டெஸ். ஓய்வுக்குப் பிறகு சிலர் மீன் பிடிக்கப் போவார்கள், சிலர் ரோஜா வளர்ப்பார்கள். டெஸ் கிரெடிட் கார்டு வளர்த்தார். தன் பெயரில் மூன்று, மனைவி கிளெனிஸ் பெயரில் இரண்டு. ஒரு டாலர் செலவழித்தால் ஒரு பாயிண்ட். புதிதாகக் கார்டு எடுத்தால் வரவேற்பாக லட்சம் பாயிண்ட். இப்படியே சேர்த்து, விமானத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே லண்டன் போகிற இரண்டு இருக்கைகளை இலவசமாக வாங்கிவிட வேண்டும். இதுதான் அவருடைய மோட்சம்.

சேர்ந்த பாயிண்ட்டெல்லாம் கிளெனிஸின் கணக்கில் கிடந்தன. இரண்டு இருக்கையையும் ஒரே கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும் என்று விமானக் கம்பெனி விதி. பெரிய வரவேற்புகள் இரண்டும் அவள் பெயரில் வந்துவிட்டதால், டெஸ் தன்னுடையதையும் அதிலேயே கொட்டிவிட்டார். "பேருக்குத்தான் உன் பேர்ல இருக்கு, கிளெனிஸ். நீ எதையும் தொடாதே" என்று சொல்லியும் வைத்திருந்தார்.

கிளெனிஸ் தொடவில்லை. அவளுக்கு லண்டனும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரு முழங்கால்.

ஆரம்பப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே குழந்தைகளுக்கு இறைச்சிப் பணியாரம் சுட்டுக் கொடுத்ததில் வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. அரசு மருத்துவமனையில் பெயர் கொடுத்துப் பதினாறு மாதம் காத்திருந்த பின், மாற்று முழங்கால் வைக்க இருபத்துமூன்றாம் தேதி என்று கடிதம் வந்தது. கடிதத்தின் கீழே ஒரு நிபந்தனை. அறுவைக்குப் பிறகு நோயாளி குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்கக் கூடாது. வீட்டில் தடுப்பு இல்லாத, நடந்து நுழையக்கூடிய குளியலிடம் இருக்க வேண்டும். மேரிசெல் என்ற சிகிச்சையாளர் பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை நேரில் வந்து பார்ப்பார். இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்கு. கிளெனிஸ் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும்.

பெட்டிஃபர் வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. அதில் இருந்தது முழங்கால் உயரத்துக்கு விளிம்பு வைத்த ஒரு பழைய இரும்புத் தொட்டி. அதற்குள் இறங்குவதற்கு கிளெனிஸ் காலையில் செய்த வித்தைகளை சர்க்கஸில் செய்திருந்தால் காசாவது கிடைத்திருக்கும்.

"உடைச்சிடுவோம்!" என்றார் டெஸ். முழங்காலுக்காகத்தான் சொல்கிறார் என்று கிளெனிஸ் ஒரு நிமிடம் நெகிழ்ந்துபோனாள். அடுத்த வாக்கியம் வந்தது: "மொத்தச் செலவையும் கார்டுல போட்டா எவ்வளவு பாயிண்ட்டுன்னு பார்த்தியா?"

தொட்டியை உடைத்து எடுத்தவன், குழாய் மாற்றியவன், புது முகம் கழுவும் தொட்டி, கண்ணாடி, டைல்ஸ் எல்லாமே கார்டில் போயிற்று. மிச்சம் இருந்தது டைல்ஸ் ஒட்டுகிற கூலி மட்டும். அதற்கு வந்தவன் கெல் பிராட்ரிப். கால்சட்டையில் பாதி ஊர்க் குளியலறைகளின் பூச்சு காய்ந்திருந்தது.

அந்த ஊரில் கைவேலைக்காரர்கள் விலையை இரண்டு முறை சொல்வார்கள். ஒன்று வரித்துறைக்குக் கேட்கிற குரலில், இன்னொன்று கேட்காத குரலில். கேட்காத விலைதான் குறைவு. கெல் வெறும் சிமெண்டுத் தரையில் குந்தி, அளவு எடுத்து, கதவுப் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "தண்ணி கசியாத பூச்சு, டைல்ஸ், எல்லாம் சேர்த்து, கையில குடுத்தா மூவாயிரத்து இருநூறு." பிறகு நிமிர்ந்து, உரக்க, "கார்டுன்னா பில்லு, பில்லுன்னா வரி, மெஷினுக்கு ஒன்றரை சதவீதம். மூவாயிரத்து ஐநூத்தி எழுபத்திரண்டு எண்பது."

"கார்டு" என்றார் டெஸ்.

கெல் காதைக் குடைந்துகொண்டான். "தலைவரே, நான் சரியாச் சொல்லலையோ? முந்நூத்தி எழுபது டாலர் கூட வருது."

"கூட வந்தாத்தான் வேணும். புதுசா ஒரு கார்டு வரப்போகுது. மூணு மாசத்துல மூவாயிரத்து ஐநூறு செலவழிச்சா ஒரு லட்சத்து இருபதாயிரம் பாயிண்ட். உன் ரொக்க வெலை மூவாயிரத்து இருநூறு. அது பத்தாது."

"இருபத்தாறு வருஷமா டைல்ஸ் ஒட்டுறேன். வெலை பத்தலைன்னு சண்டை போடுற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்." கெல் கிளெனிஸ் பக்கம் திரும்பினான். "நீங்க என்ன சொல்றீங்க, கிளெனிஸ்?"

"பதினைஞ்சாம் தேதிக்குள்ள முடியுமா?"

"நாலாம் தேதி ஆரம்பிச்சா பன்னெண்டுல முடிச்சிடுவேன். அதுக்குப் பிறகு எச்சூக்கா ஊர்ல ஒரு மோட்டல் வேலை. ஆறு வாரம் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். பணம் மட்டும் முன்னாடியே வேணும். போன மாசம் ஒருத்தன் நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லியே நாமம் போட்டுட்டான்."

"நாலாம் தேதி கார்டு கையில இருக்கும்" என்றார் டெஸ், நகராட்சியே வாக்குக் கொடுத்ததுபோல.

அதுவரை குளிக்க கிளெனிஸ் பக்கத்து வீட்டு வில்மா ஊஸ்டர்ஹாஃபிடம் போனாள். வில்மா ஓய்வு பெற்ற மருத்துவச்சி. ஊரில் பாதிப்பேரை அம்மணமாகப் பார்த்தவள் என்பதால் யாரிடமும் அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை. தினமும் காலையில் கிளெனிஸ் துண்டும் சோப்புமாக வேலியைச் சுற்றி நொண்டிக்கொண்டு போவதைத் தெருவே பார்த்தது. தபால்காரி கை ஆட்டவும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, உன் புருஷன் லண்டனுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறான், அஞ்சு வாரமா என் வீட்டைத் தாண்டலையே நீ?" என்றாள் வில்மா.

"கார்டு வரணுமாம்."

"கார்டு வர்றதுக்குள்ள உன் கால் போயிரும். இந்தா, டீயைக் குடி."

நாலாம் தேதி காலை ஏழு மணிக்கு கெல் வந்தான். எட்டு மணிக்குத் தபால் வந்தது. டெஸ் உறையை எல்லோர் முன்னிலும் பிரித்தார்; அப்படி ஒரு சடங்கை அவர் திட்டமிட்டே வைத்திருந்தார். உள்ளே கார்டு இல்லை. ஒரே ஒரு தாள்.

டெஸ் படித்தார். மறுபடி படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார். கண்ணாடியின் மேல் தவறு இருக்கவில்லை.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் கிளெனிஸ்.

"ஏதோ தப்பு நடந்திருக்கு."

கிளெனிஸ் தாளை வாங்கிப் பார்த்தாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, மிகவும் பணிவாகவே எழுதியிருந்தார்கள். விண்ணப்பதாரர் குறுகிய காலத்தில் பல கடன்களுக்கு விண்ணப்பித்துள்ளார். இது கடுமையான பணநெருக்கடியின் அறிகுறியாக இருக்கக்கூடும். ஆகவே வருந்துகிறோம். கடைசியில், கடனில் சிக்கித் தவிப்பவர்களுக்கு இலவச ஆலோசனை தரும் ஒரு தொலைபேசி எண்ணையும் அன்போடு இணைத்திருந்தார்கள்.

முப்பத்தோரு வருடம் ஊருக்கு இறுதி அறிவிப்பு அனுப்பிய மனிதருக்கு வங்கி ஆறுதல் சொல்லியிருந்தது.

"பணநெருக்கடியா? எனக்கா?" டெஸ் கெல்லைப் பார்த்தார், அவன்தான் அந்தக் கடிதத்தை எழுதியதுபோல. "வெச்சிருக்கிற கார்டுல ஒண்ணுலே போட்டுக்க."

கெல் தன் சின்ன மெஷினை நீட்டினான். டெஸ் முதல் கார்டைக் காட்டினார். மெஷின் ஒரு மாதிரி முனகியது. முகம் கழுவும் தொட்டி அந்தக் கார்டைத் தின்றிருந்தது. இரண்டாவதைக் குழாய்க்காரன் தின்றிருந்தான். மூன்றாவது டைல்ஸ். கிளெனிஸ் பெயரில் இருந்த இரண்டையும் கைப்பையிலிருந்து வரவழைத்தார்கள். அவையும் கைவிரித்தன.

"இன்னும் இருக்கா தலைவரே?" என்றான் கெல். "நூலகக் கார்டு இருந்தாக் குடுங்க, அதையும் காட்டிப் பார்ப்போம்."

"பேங்க்ல பணம் இருக்குய்யா! நாற்பதாயிரம் இருக்கு!"

"அப்ப எடுத்துட்டு வாங்க. ஒன்பது மணிக்குத் திறப்பான்."

டெஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். ஏன் என்று கிளெனிஸ் அறிவாள். அந்த நாற்பதாயிரத்தை அவர் வைப்புநிதியில் பூட்டியிருந்தார், கால் சதவீதம் கூடுதல் வட்டிக்காக. நடுவில் எடுக்க வேண்டுமென்றால் முப்பத்தோரு நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். முப்பத்தோரு நாளில் கெல் எச்சூக்காவில் இருப்பான், அவளுடைய முழங்கால் வேறு யாருடைய காலிலாவது இருக்கும். அவளுடைய பள்ளிச் சம்பளமோ மாதாமாதம் கார்டு பாக்கிக்கே போய்விடும். அதுதான் வட்டியே கட்டாத வித்தையின் மறுபக்கம்.

வில்மாவிடம் கேட்கலாம். கேட்டால் கொடுப்பாள். ஆனால் ஐந்து வாரமாகக் குளியலைக் கடன் வாங்கியாயிற்று, கூலியையும் கடன் வாங்கக் கிளெனிஸுக்கு வாய் வரவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் டயம் குடு" என்று டெஸ் வங்கிக்குத் தொலைபேசி போடக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போனார். "நான் யார்னு உங்களுக்குத் தெரியலை!" என்று கத்துவது சமையலறை வரை கேட்டது. அவர் யார் என்று அவர்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது என்று கிளெனிஸ் நினைத்துக்கொண்டாள்.

கெல் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, அவள் வைத்த ஓட்ஸ் பிஸ்கெட்டைத் தேநீரில் நனைத்தான். சங்கடப்பட்டுத்தான் உட்கார்ந்திருந்தான்.

"எனக்கும் ஆசைதான், கிளெனிஸ், கடனாச் செய்ய. ஆனா சரக்கு நான் வாங்கணும். பசை, பூச்சு, சிமெண்டு. அந்த நெடுஞ்சாலை ஓரத்து ஹார்டுவேர் கடைக்காரன் என்னை உரிச்சுத் தொங்கப்போடுறான். வாரம் எழுநூறு, எண்ணூறு. நான் சம்பாதிக்கிறதே அவனுக்குத்தான்."

கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தக் கடையா? பச்சைக் கூரை?"

"அதேதான்."

"அந்தக் கடையோட கிஃப்ட் கார்டு குடுத்தா வாங்கிப்பியா?"

"எனக்கு அது ரொக்கத்தை விட மேல். ரொக்கத்தைக் கொண்டுபோயும் அங்கதானே கொட்டப்போறேன். ஏன், உங்ககிட்ட இருக்கா?"

கிளெனிஸிடம் இருக்கவில்லை. ஆனால் விமானக் கம்பெனியின் செயலியில், விமானங்கள் முடிந்து கீழே போனால் ஒரு பக்கம் வரும். பாயிண்ட்டுக்கு வாணலி, பாயிண்ட்டுக்குத் தலையணை, பாயிண்ட்டுக்குக் கடைகளின் கிஃப்ட் கார்டு. டெஸ் அந்தப் பக்கத்தைப் பற்றி விருந்துகளில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், ஊரில் கெட்ட பெயர் எடுத்த வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல. அங்கே பாயிண்ட்டைச் செலவழிக்கிறவன் பாவி. ஒரு பாயிண்ட்டுக்கு அரை சதம்தான் மதிப்பு.

அவள் கைபேசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தக் கெட்ட வீட்டுக் கதவைத் தட்டினாள். நூறு டாலர் கார்டு, இருபதாயிரம் பாயிண்ட். அவள் கணக்கில் ஆறு லட்சத்து நாற்பத்துமூவாயிரத்துச் சொச்சம். கெல் அடுப்பங்கரைத் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். போட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முப்பத்திரண்டு கார்டு. மூவாயிரத்து இருநூறு. சரியா என் ரொக்க விலை." பிறகு, கொட்டகைப் பக்கம் பார்த்து, "தலைவர் செத்துருவாரே!"

"ஒரே தடவையில எடுக்க விட மாட்டேங்குது. ஒவ்வொண்ணாத்தான் எடுக்கணுமாம்."

"அப்படின்னா ஒவ்வொண்ணாச் சாவாரு."

கெல்லின் மின்னஞ்சலுக்கே அனுப்பும்படி முகவரி கொடுத்தாள். முதல் கார்டு கிளம்பியது. அவன் சட்டைப்பையில் கைபேசி 'டிங்' என்றது. இருபதாயிரம் பாயிண்ட் போயிற்று. வானம் இடிந்து விழவில்லை. இரண்டாவது, டிங். ஏழாவதுக்கு வரும்போது கிளெனிஸ் திரையைப் பார்க்காமலே தட்டினாள். பன்னிரண்டாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பதாவதில் டெஸ் உள்ளே வந்தார்.

"என்ன சத்தம் அது?"

கெல் பிஸ்கெட்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டான், பேச வேண்டியதில்லாமல்.

"டைல்ஸுக்குப் பணம் கட்டுறேன்" என்றாள் கிளெனிஸ். டிங்.

டெஸ் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கிளெனிஸ்! அந்தப் பக்கத்துக்கு ஏன் போனே? வெளிய வா! அரை சதம்டி! ஒரு பாயிண்ட்டுக்கு அரை சதம்! லண்டன் டிக்கெட்டா மாத்தினா நாலு சதம்! ஏழு வருஷம்! ஏழு வருஷமாச் சேர்த்தது!"

"சேர்த்தது என் பேர்ல."

"பேருக்குத்தான் உன் பேர்ல!"

"கம்ப்யூட்டர் அதைக் கேக்கலையே." டிங்.

"நிறுத்து. கெஞ்சிக் கேக்கிறேன், நிறுத்து. நான் மேலாளர்கிட்டப் பேசிட்டிருக்கேன். ஒரு வாரத்துல—"

"ஒரு வாரத்துல கெல் இருக்க மாட்டான்."

"அடுத்த வருஷம் செஞ்சுக்கலாம்டி! கால் எங்க போயிரப்போகுது?"

சொன்ன பிறகுதான் டெஸுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. கெல் மெல்லுவதை நிறுத்தினான். கிளெனிஸ் கைபேசியை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். எழுவதற்கு அவளுக்கு எப்போதும் ஆகிற நேரம் ஆயிற்று. டெஸ் அந்த நேரம் முழுவதும் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

"லண்டன் டிக்கெட்டுக்கு நாலு சதம். வாணலிக்கு அரை சதம். எல்லாத்துக்கும் உனக்கு ரேட் தெரியும். என் முட்டிக்கு என்ன ரேட் டெஸ்? சொல்லு, கெல்லும் கேக்கட்டும்."

டெஸ் வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒன்றும் வராததைக் கிளெனிஸ் முப்பத்தாறு வருட மண வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ரசித்தாள்கூட. பிறகு உட்கார்ந்து, கைபேசியை எடுத்துக்கொண்டாள்.

"தலைவரே, உக்காருங்க" என்றான் கெல். "நான் ஒரு டீ போட்டுத் தர்றேன். சர்க்கரை எங்க இருக்கு?"

இருபத்திரண்டு. டிங். இருபத்துமூன்று. டிங். டெஸ் தன் சொந்தச் சமையலறையில் டைல்ஸ்காரன் போட்ட தேநீரை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஒவ்வொரு 'டிங்'குக்கும் கண்ணை மூடித் திறந்தார். முப்பத்திரண்டாவது முடிந்தபோது கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் பாயிண்ட் மிஞ்சியிருந்தது. ஒரு தலையணை உறைகூடத் தேறாது.

கெல் பத்து மணிக்கு வேலையைத் தொடங்கினான்.

அன்று மத்தியானம் முழுக்க டெஸ் கொட்டகையில் இருந்தார். மறுநாளும். மூன்றாம் நாள் ரசமட்டத்தோடு குளியலறை வாசலில் வந்து நின்றார். தரை வடிகால் பக்கம் சரியாகச் சரிகிறதா என்று நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு இடத்தில் உதட்டைப் பிதுக்கினார். அவருடைய தரத்துக்கு அது மன்னிப்புக் கேட்டதுபோலத்தான் என்று கிளெனிஸ் எடுத்துக்கொண்டாள், வேறு எதுவும் வராது என்பதால்.

"ஆஸ்பத்திரி அனுப்பின ஆளா நீங்க?" என்று கெல் தலை நிமிராமல் கேட்டான்.

"இந்த மூலையில ரெண்டு மில்லி ஏத்தம்."

"அது ரசமட்டத்துல இல்ல தலைவரே, உங்க மனசுல."

பதினைந்தாம் தேதி மேரிசெல் வந்தாள். ஐந்தடிகூட இருக்க மாட்டாள். கையில் அளவுநாடா, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இதைப் போல ஆயிரம் குளியலறை பார்த்த களைப்பு. வாசலின் அகலத்தை அளந்தாள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். தரையில் ஷூவைத் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்த்தாள். கிளெனிஸ் கூடத்துச் சுவரில் சாய்ந்து, மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள். பதினாறு மாதம் அந்தச் சிறுபெண்ணின் பேனா முனையில் இருந்தது.

"நாற்காலி வேணும், குளிக்கும்போது உக்கார" என்றாள் மேரிசெல். "ஆஸ்பத்திரியிலேயே வாடகைக்குத் தருவோம். வீட்டுல உங்களைக் கவனிச்சுக்கப்போறது யாரு?"

கூடத்தின் கோடியிலிருந்து டெஸ் தொண்டையைக் கனைத்தார். "நான்தான்."

"நல்லது சார். இங்க ஒரு கையெழுத்து. முதல் ஆறு வாரம் கூடவே நிக்கணும். தண்ணி சூடு பார்க்கணும், துண்டு எடுத்துக் குடுக்கணும், காலைத் துடைச்சுவிடணும். முடியுமா?"

டெஸ் தாளை வாங்கி, வழக்கம்போல முன்னும் பின்னும் படித்தார். எந்த இடத்திலும் வரவேற்புச் சலுகை இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மேரிசெல் தன் கட்டத்தில் ஒரு சரி போட்டாள். "இருபத்துமூணு காலைல ஆறு மணிக்கு வந்திருங்க. வெறும் வயித்தோட."

அவள் கார் தெருமுனை திரும்பும்வரை கிளெனிஸ் வாசலில் நின்றாள். பிறகு துண்டை எடுத்தாள். வேலிப்பக்கம் போகவில்லை. தன் வீட்டுக் குளியலறைக்குள், எதிலும் ஏறாமல், எதையும் பிடிக்காமல், தெருவில் நடப்பதுபோல நடந்து போனாள். குழாயைத் திறந்தாள். சுடுநீர் அவள் வலது முழங்காலில் நேராக விழுந்தது. அந்த முழங்கால் இன்னும் எட்டு நாளைக்குத்தான் அவளுடையது.

கதவுக்கு வெளியே டெஸின் நிழல் வந்து நின்றது.

"கிளெனிஸ்? நான் சும்மா யோசிச்சேன். சுவரும் தரையும் சேர்த்து நானூத்திப் பன்னெண்டு டைல்ஸ். ஒரு டைலுக்கு ஆயிரத்து ஐநூத்தி ஐம்பத்துமூணு பாயிண்ட் விழுது. நீ இப்ப நிக்கிற இடத்துல மட்டும் பார்த்தா, சிட்னிக்கு ஒரு டிக்கெட்..."

கிளெனிஸ் குழாயை முழுவதுமாகத் திருகினாள்.

"என்ன சொல்றே டெஸ்?" என்று கத்தினாள். "ஒண்ணும் கேக்கலை!"